யாரைக் கூப்பிடுவது

வலது கன்னத்தை முடித்துவிட்டு, தெல்மா சவரக் கத்தியைக் கிண்ணத்து வெந்நீரில் அலசினாள். தலையணைகளில் சாய்ந்திருந்த வில்ஃப் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

“நான் போனதும் யாருக்குப் போன் பண்ணுவே?”

“பேசாதே. வாயை அசைச்சா வெட்டிரும்.”

“வெட்டட்டும். இனிமே தழும்பு விழுந்து யார் பாக்கப் போறா? சொல்லு, யாருக்கு?”

“ஷீனாவுக்கு.”

“அவ அடுப்படியில நிக்கறா. இங்கிருந்து கத்தினாலே கேக்கும்.”

“அப்போ டாக்டருக்கு.”

“டாக்டர் வந்து ‘செத்துட்டான்’னு சொல்லிட்டுப் போயிருவாரு. அப்புறம்?”

தெல்மா கத்தியைத் துடைத்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. பள்ளத்தாக்கில் யாருக்குமே புதிதல்ல.

இரண்டு வருஷமாக அவன் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பாதிரியார் இல்லாமல் மௌனமாகக் கூடி வழிபடும் குவேக்கர் கிறித்தவர்கள் அவர்கள். பள்ளத்தாக்குக் குவேக்கர்களுக்கு ஓர் அறக்கட்டளை, மலைக்கு அந்தப் பக்கம் நகரத்துக் குவேக்கர்களுக்கு ஓர் அறக்கட்டளை. இரண்டிலும் ஒழுகும் கூரைகள், இரண்டிலும் ஒரே மாதிரிக் கணக்கு வழக்குகள். அறங்காவலராக இருக்க ஆள் கிடைக்காமல், எழுபது வயதைத் தாண்டியவர்களையே மறுபடி மறுபடி கெஞ்ச வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வில்ஃபும் சொன்னான். சொத்து, கணக்கு, சட்டம் எல்லாம் ஒரே அறக்கட்டளைக்குப் போகும். வழிபாடு, கல்யாணம், யார் சபையில் சேருவது என்பதெல்லாம் அந்தந்தச் சபையிடமே இருக்கும். இணைப்புப் பத்திரத்தின் வரைவு தயாரானது. இரண்டு சபையும் கூடிய கூட்டத்தில் அதைப் படித்து முடித்தபோது வில்ஃப் எழுந்து நின்றான்.

“கூரை ஒழுகினா யாருகிட்ட சொல்றதுன்னு எழுதியிருக்கு. கணக்கு தப்பினா யாருகிட்டன்னு எழுதியிருக்கு. ஆள் செத்தா யாரைக் கூப்பிடறது? அதைக் காணோமே.”

சிலர் சிரித்தார்கள். “நல்ல கேள்வி, வில்ஃப்” என்றார் நகரத்து அறங்காவலர்களில் மூத்தவரான ரால்ஃப்.

“நல்ல கேள்வின்னா பதில் இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு வில்ஃப் உட்கார்ந்துவிட்டான்.

அங்கே கை தூக்கச் சொல்லி வாக்கு எண்ணும் வழக்கம் கிடையாது. ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். சபைக்குத் தலைவர் என்று எவரும் இல்லை, கூட்டத்தை நடத்தி முடிவை எழுதும் எழுத்தர் மட்டும்தான். எழுத்தரான மார்ஜரி அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், ‘வில்ஃப் ஃபாசெட்டின் கேள்வியை அடுத்த முறைக்குச் சுமந்து செல்கிறோம்’ என்று குறித்துக்கொண்டாள். அடுத்த முறையும் சுமந்தார்கள். அதற்கடுத்த முறையும். பத்திரம் எழுதிய லீட்ஸ் வக்கீல் பொறுமையிழந்து, “ஒரு பால் லாரி டிரைவருக்காக ரெண்டு சபையும் நிக்குதா?” என்று கேட்டபோது, ரால்ஃப் “ஆமா” என்று மட்டும் சொன்னாராம்.

தெல்மாவுக்குத்தான் கூச்சமாக இருந்தது. திரும்பும் வழியில் காரில் கேட்பாள், “எதுக்கு இந்தப் பிடிவாதம்? எல்லாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க.” வில்ஃப் மழையே இல்லாத நாளிலும் கண்ணாடித் துடைப்பானை ஓடவிடுவான்.

இப்போது அவன் மூச்சு ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி ஏறியது.

“அன்னைக்கு ஒரே ஒரு போன்தான் பண்ணேன்” என்றான்.

“என்னைக்கு?”

அவன் நுரை பூசியிருந்த இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “களைப்பா இருக்கு. மிச்சத்தை மத்தியானம் பாத்துக்கலாம்.”

“பாதி முகத்தோடவா? யாராவது வந்தா சிரிப்பாங்க.”

“வரட்டும். நல்ல பக்கத்தைக் காட்டறேன்.”

அவள் ஈரத்துணியால் நுரையைத் துடைத்தாள். தூரிகையையும் கிண்ணத்தையும் ஜன்னல் திட்டில் வைத்தாள். ஷீனா சூப்பைச் சூடாக்கிக் கொண்டு வந்தபோது வில்ஃப் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தான். சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஷீனா நின்றாள்.

“அம்மா” என்றாள். “அம்மா, இங்க வா.”

*

நர்ஸ் வந்து போனாள். சவ அடக்கம் செய்பவர் வந்தார், உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். திங்கட்கிழமை வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று தெல்மா சொன்னாள். மார்ச் மாதக் குளிர். முன்னறையின் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அவர் தலையாட்டினார்.

“எங்க அடக்கம் பண்றோம்?”

“சபை வீட்டுக்குப் பின்னால. எங்க பையன் பக்கத்துல. பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு.”

“அங்க குழி தோண்ட யாரு சம்மதம் சொல்லுவாங்க? ஒரு வார்த்தை எனக்கு வேணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சா போதும்.”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள் தெல்மா.

அவர் போன பிறகு கூடத்தில் இருந்த போனை எடுத்து மார்ஜரியைக் கூப்பிட்டாள். மறுமுனையில் மார்ஜரி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் தெல்மாவுக்குப் பழக்கமானது. அதற்குள் அழுகை இருந்தால் அது தனியாகத் தெரியும்; இதில் தெரிந்தது.

“நான் வரட்டுமா?”

“நாளைக்கு வா. இப்ப ஷீனா இருக்கா. மார்ஜரி, குழி தோண்டறதுக்குச் சம்மதம்…”

“ஐயோ, என்னைப் போய்க் கேக்கறியே” என்றாள் மார்ஜரி. “சரின்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா அது நிலம் தெல்மா. இணைப்பு முடியற வரைக்கும் ரெண்டு பக்கத்து நிலத்து விஷயமும் அறங்காவலர்கிட்ட விட்டுட்டோம், அவங்களுக்கு ரால்ஃப்தான் மூத்தவர். நான் பாட்டுக்குச் சொல்லிட்டா ரால்ஃபோட தலைக்கு மேல ஏறின மாதிரி ஆயிரும். அதுவும் வில்ஃப் விஷயத்துல, யாரு எல்லை எதுவரைக்கும்னு எழுதி வைக்கச் சொன்ன மனுஷன் விஷயத்துல!”

தெல்மா ரால்ஃபைக் கூப்பிட்டாள். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். போனிலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் கேட்கும்.

“அடடா, வில்ஃபா” என்றார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, “வில்ஃபா” என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“தெல்மா, கேளு. ஒரு மனுஷனை அடக்கம் பண்றது வழிபாடு. அது சபையோட காரியம். அறங்காவலர் அதுக்குள்ள காலை வச்சா வில்ஃபே எழுந்து வந்து என்னை வெளிய தள்ளுவான். போதாததுக்கு, பத்திரம் மாறற வரைக்கும் நிலத்துல கை வைக்காதீங்கன்னு வக்கீல் வேற சொல்லியிருக்காரு. நீ மார்ஜரியைக் கேளு.”

“அவதான் உன்னைக் கேக்கச் சொன்னா.”

“அவ அப்படித்தான் சொல்லுவா. தங்கமான பொண்ணு” என்றார் ரால்ஃப் வருத்தமாக.

போனை வைத்தபோது ஷீனா படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லீட்ஸ் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் அவள். வரிசையில் நிற்கிறவர்களை இரண்டு வார்த்தையில் அனுப்பத் தெரிந்தவள்.

“என்னம்மா இது? ‘நீ முன்னால போ’ன்னு அவரு, ‘இல்ல, நீ முன்னால போ’ன்னு இவங்க. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுக்கிட்டு அப்பாவை வெளிய விடமாட்டாங்க போலிருக்கே!”

“கத்தாதே. யாரும் வேணாம்னு சொல்லலை.”

“அதுதான் பிரச்சினை! வேணாம்னு சொன்னா சண்டை போடலாம். இவங்க மரியாதையாலயே அப்பாவைப் பிணவறைக்கு அனுப்பிருவாங்க. நகராட்சிச் சுடுகாட்டுக்குப் போன் பண்ணட்டுமா? அங்க ஒருத்தன் எடுப்பான், ஒரு நேரம் சொல்லுவான், முடிஞ்சுது.”

தெல்மா முன்னறைக் கதவைப் பார்த்தாள். “பீட்டர் பக்கத்துலதான்” என்றாள்.

ஷீனா வாயை மூடிக்கொண்டாள். பீட்டரை அவள் பார்த்ததில்லை. அவள் பிறந்த வாரம்தான் அவன் போனான். நாலு வயது, மூளைக் காய்ச்சல். தெல்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு கிடந்தாள். எழுந்து வீட்டுக்கு வந்தபோது சபை வீட்டுக்குப் பின்னால், சுவரோரமாக, மற்றக் கற்களைப் போலவே சின்னதாய் ஒரு கல் இருந்தது. யார் தூக்கினார்கள், யார் தோண்டினார்கள் என்று அவள் கேட்டதில்லை. வில்ஃப் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சபையில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதற்கு முன்னால் அவளை வாசலில் இறக்கிவிட்டு, வெளியே லாரியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் அவன்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும், தெல்மா வில்ஃபை விட்டு வரமாட்டாள் என்று தெரிந்து, எல்லாரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நகரத்திலிருந்து ரால்ஃப் தன் காரில் இன்னும் இரண்டு அறங்காவலர்களை அழைத்து வந்தார். வந்தவர்கள் பழ கேக், பாலாடைக்கட்டி, ஒருவர் மடக்கு நாற்காலிகள் என்று கொண்டுவந்திருந்தார்கள். யாரும் “என்ன ஆச்சு” என்று விசாரிக்கவில்லை. ஒவ்வொருவராக முன்னறைக்குள் போய், கட்டில் அருகே சற்று நின்றுவிட்டு வந்தார்கள். பாதி சவரம் செய்த முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் வெளியே வரும்போது, “நல்ல பக்கத்தைத்தான் காட்டிக்கிட்டு இருக்கான்” என்றார். தெல்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ரால்ஃப் சார், நீங்க இங்க உட்காருங்க” என்று ஷீனா நாற்காலியை நகர்த்தினாள்.

“சார் எதுக்கு? நீன்னே சொல்லு. வயசாயிட்ட மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு எண்பது.”

“அதான் சொல்றேன்.”

மார்ஜரி சின்ன மேஜையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தெல்மா எழுந்துபோய் முன்னறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். திறந்திருந்த ஜன்னலிலிருந்து குளிர் வந்து எல்லார் முழங்காலிலும் உட்கார்ந்தது. ஒருவரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

மௌனம் தொடங்கியது.

ஷீனா அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த மௌனத்திலேயே வளர்ந்ததால்தான் இப்போது இவ்வளவு பேசுகிறேன் என்று அவள் சொல்வதுண்டு. வெளியே ஆடு ஒன்று கத்தியது. யாருடைய வயிறோ சத்தமிட்டது. தெல்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை நுரை பட்ட இடம் இன்னும் வறண்டிருந்தது.

வெகு நேரம் கழித்து ரால்ஃப் எழுந்து நின்றார்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார். “நிலத்துல கை வைக்காதீங்கன்னு வக்கீல் சொன்னது சுவரைப் பத்தி, கதவைப் பத்தி. நான் அதைக் குழிக்கும் சேத்து எடுத்துக்கிட்டேன். எல்லையைத் தாண்டிரக் கூடாதுங்கற பயத்துல எல்லைக்கு பத்தடி முன்னாலயே நின்னுட்டேன். நேத்து ராத்திரி தூக்கம் வரலை.” அவர் உட்கார்ந்தார்.

மறுபடி மௌனம். இங்கே ஒருவர் பேசியதும் அடுத்தவர் பாய்ந்துவிடமாட்டார். சொன்னது தரையிறங்க இடம் கொடுப்பார்கள். ஷீனா கட்டியிருந்த கைகளைத் தளர்த்தினாள்.

அப்போதுதான் தெல்மாவுக்கு அது வந்தது. நேற்று, சோப்பு வாசனைக்கு நடுவே கேட்டுவிட்டு, கேட்காதது போல விட்டுவிட்ட வார்த்தை. ஒரே ஒரு போன்.

அவள் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் இணைப்பை நிறுத்தணும்னு கேக்கலை” என்றாள். “நானே அப்படி நினைச்சேன். காருல வச்சுத் திட்டியிருக்கேன். நேத்துக் காலையில ‘அன்னைக்கு ஒரே ஒரு போன்தான் பண்ணேன்’னு சொன்னான். என்னைக்குன்னு கேட்டேன். சொல்லலை.” அவள் நிறுத்தினாள். “பீட்டர் போன அன்னைக்கு. நான் ஆஸ்பத்திரியில. இவன் வீட்டுல தனியா. அப்ப இவன் சபையில சேந்தவன்கூட இல்லை. யாருக்குப் பண்ணினான்னு எனக்குத் தெரியாது. ஒரு போனுதான் பண்ணியிருக்கான். அந்த ஒரு போனுல எல்லாம் நடந்திருக்கு. நேத்து நான் ரெண்டு போன் பண்ணேன்.”

அவள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

எழுத்தர் மேஜையிலிருந்து பேசக்கூடாது என்றில்லை. ஆனால் மார்ஜரி பேசுவதில்லை. இப்போது அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“எங்க அப்பாவுக்குத்தான் பண்ணாரு” என்றாள். “அப்ப அவர்தான் எழுத்தர். நான் பள்ளிக்கூடத்துப் பொண்ணு. ராத்திரிச் சாப்பாடு நடந்துக்கிட்டு இருந்தது. போன் அடிச்சுது, அப்பா எழுந்து போனாரு. ‘கொண்டு வா’ன்னார். ‘நீ சபையில சேந்தவனா இல்லையான்னு யாரு கேட்டா? கொண்டு வா.’ அவ்வளவுதான் கேட்டுது. திரும்பி வந்து மேஜையில உட்காரலை. கரண்டியை எடுக்கறதுக்குப் பதிலா கொட்டகையில இருந்து மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு. அம்மா அவர் தட்டை மூடி வச்சாங்க.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவர் யாரையும் கேக்கலை. எனக்கு நேத்து அது ஞாபகம் வரலை. வந்திருக்கணும்.”

மௌனம் இந்த முறை வேறு மாதிரி இருந்தது. யாரோ போர்த்திவிட்ட கம்பளியைப் போல.

பிறகு மார்ஜரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். எழுதுகிறவளைப் பார்ப்பதுகூட அவசரப்படுத்துவதாகும் என்பதால் தரையைப் பார்த்தார்கள். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் முன்னறை வரை போயிருக்கும்.

அவள் படித்தாள்:

“வில்ஃப் ஃபாசெட்டின் கேள்வியை இரண்டு ஆண்டுகளாகச் சுமந்து வந்தோம். இன்று இறக்கி வைக்கிறோம். புதைநிலமும் அதன் சுவரும் அறக்கட்டளையின் பொறுப்பு. அந்நிலத்தில் யாரை ஏற்பது என்பது சபையின் பொறுப்பு. மரணம் நேர்ந்த வீட்டார் அழைக்க வேண்டியது சபையின் எழுத்தரை. அவர் எவரையும் கேட்காமல் ஏற்றுக்கொள்வார். அறங்காவலருக்கு அடக்கம் முடிந்தபின் தெரிவித்தால் போதும். இணைப்புப் பத்திரத்திலும் இவ்வாறே எழுதச் சொல்கிறோம்.”

“ஒரு சின்ன விஷயம்” என்றார் ரால்ஃப்.

ஷீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“‘சபையைச் சேர்ந்தவரானாலும் இல்லாவிட்டாலும்’னு சேக்கலாமா? ‘அந்நிலத்தில் யாரை ஏற்பது’ங்கற இடத்துல.”

மார்ஜரி சேர்த்து, மறுபடி முழுவதையும் படித்தாள்.

“அப்படியே நம்புறேன்” என்றார் ரால்ஃப்.

“அப்படியே நம்புறோம்” என்று இங்கிருந்தும் அங்கிருந்தும் குரல்கள் வந்தன. எப்போதும் அப்படித்தான் ஒப்புதல் சொல்வார்கள். கடைசியாக, கொஞ்சம் தாமதித்து, அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது சபையைச் சேர்ந்தவளின் குரல் அல்ல. மார்ஜரி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அதையும் சேர்த்துக் கொண்டவள்போலக் கையெழுத்திட்டாள்.

பக்கத்திலிருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. பேச்சு கிளம்பியது: தேநீர் யாருக்கு, பால் எங்கே, மலைப்பாதையில் இன்னும் பனி இருக்கிறதா. “இந்த கேக்கை யாரு செஞ்சது, செங்கல்லா?” என்று ஒருவர் கேட்க, “உன் பொண்டாட்டிதான்” என்று பதில் வந்தது.

தெல்மா கெண்டியில் வெந்நீரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜன்னல் திட்டில் தூரிகை நேற்று வைத்தபடியே இருந்தது. அதன் மயிர்களில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்தாள். சோப்பில் சுழற்றிச் சுழற்றி நுரை எழுப்பினாள். கட்டிலின் ஓரத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள்.

கூடத்தில் போன் அடித்தது. ஷீனா எடுத்தாள்.

“அம்மா, அடக்கம் பண்றவரு. குழிக்கு ஆள் அனுப்பலாமான்னு கேக்கறாரு.” அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். ரால்ஃப் தன் கோப்பைக்குள் பார்த்தார். மார்ஜரி கேக்குத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து போனை வாங்கினாள்.

“ஆளை அனுப்பலாம்” என்றாள். “காலையில வரட்டும். மண்வெட்டி நான் கொண்டாறேன்.”

தெல்மா இரண்டு கைகளாலும் வில்ஃபின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து நுரையைப் பூசத் தொடங்கினாள்.